சாவா மூவாப் பேராடு

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் பெருவழியில், விராலிமலையைக் கடந்து சிறிது தொலைவு சென்றால், கொடும்பாளூர் என்னும் பழம்பதியை அடையலாம். இன்று புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூராக அமைந்திருக்கும் இவ்வூர், முன்னொரு காலத்தில் இருக்குவேளிர் என்னும் குறுநில மன்னர்களின் தலைநகராய்ச் சிறந்திருந்தது. கோவலனும் கண்ணகியும் மதுரைக்குச் சென்ற வழியைக் கூறுமிடத்துச் சிலப்பதிகாரம் இவ்வூரைக் கொடும்பை என்னும் பெயரால் சுட்டுகின்றது. பத்தாம் நூற்றாண்டில் பூதி விக்கிரமகேசரி என்னும் வேள், தன் பெயராலும் தன் தேவியர் இருவர் பெயராலும் இங்கு மூன்று கற்றளிகளை எடுப்பித்தான். அம்மூவர் கோயிலில் இரண்டு கோயில்கள் இன்றும் நின்று காண்பார் கண்களைக் கவர்கின்றன. மூன்றாவதன் அடித்தளம் மட்டுமே எஞ்சியுள்ளது.

கோயிலைச் சூழ்ந்த நிலம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமியாகும். கார் பொய்த்தால் பயிர் பொய்க்கும். அத்தகைய நிலத்தில் வாழும் உழவனுக்குப் பயிர் கைவிட்ட காலத்திலும் கைகொடுக்கும் செல்வம் ஒன்று உண்டு. அஃது ஆடு. வேலிப்புறத்துப் புல்லையும், வறண்ட காட்டில் உதிர்ந்த வேலங்காயையும், அறுவடைக்குப் பின் வயலில் எஞ்சிய தாளையும் மேய்ந்து உயிர் வளர்ப்பது அது. மகள் திருமணம், மகன் படிப்பு, மருத்துவச் செலவு என எது வந்து வாயிலில் நின்றாலும், பட்டியிலிருந்து இரண்டு குட்டிகளைச் சந்தைக்கு ஓட்டிச் சென்று அத்தேவையை நிறைவேற்றிக்கொள்ளும் குடும்பங்கள் நம் நாட்டில் எண்ணில.

இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். திருக்கோயில்களில் இரவும் பகலும் அணையாது எரியும் விளக்கை நந்தாவிளக்கு என்பர். அவ்விளக்கிற்கு நெய் வேண்டுமன்றோ? அதற்குப் பொன்னைக் கொடுத்தோரும் உண்டு. நிலத்தைக் கொடுத்தோரும் உண்டு. ஆட்டைக் கொடுத்தோர் மிகப் பலர். ஒரு விளக்கிற்கு 90 ஆடுகள் அல்லது 96 ஆடுகள் கொடுத்ததாகச் சோழர் காலக் கல்வெட்டுகள் பலவற்றில் காண்கிறோம். அவ்வாடுகளைப் பெற்றுக்கொண்ட இடையன் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். அவ்வாடுகளைக் கல்வெட்டுகள் சாவா மூவாப் பேராடு என்று குறிக்கின்றன. சாகாத, மூப்படையாத பேராடுகள் என்பது இதன் பொருள்.

உலகில் சாகாத ஆடும் உண்டோ என்று நீங்கள் வியக்கலாம். ஆடு ஒவ்வொன்றும் மூப்பதும் சாவதும் உண்மையே. ஆனால் மூத்த ஆடு சாகுமுன் இளங்குட்டி பிறந்து அதன் இடத்தை நிரப்பிவிடும். ஆதலின் மந்தை மட்டும் என்றும் 96 என்னும் எண்ணிக்கையில் குன்றாது நிற்கும். வட்டியைச் செலவிட்டு முதலைக் காக்கும் முறை போன்றது இது. மந்தையின் நிலைபேறு குட்டிகளின் உயிரில் அடங்கியிருக்கின்றது என்பதை இத்தொடர் நமக்கு உணர்த்துகின்றது. குட்டி பிழைத்தால் மந்தை பிழைக்கும். மந்தை பிழைத்தால் விளக்கு எரியும்.

காட்டிலிருந்து கொட்டிலுக்கு

அக்காலத்தில் ஆடுகள் காடும் கரம்பும் மேய்ந்து வளர்ந்தன. இக்காலத்திலோ மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது. புறம்போக்கு நிலங்கள் பல வேறு பயன்களுக்கு உரியவாயின. புதுக்கோட்டை மாவட்டத்தின் காடுகளில் பெரும்பரப்புத் தைலமரத் தோட்டமாகிவிட்டது. ஆட்டை ஓட்டிச் செல்லும் இளைஞர்களும் குறைந்து வருகின்றனர். ஆனால் ஆட்டிறைச்சியின் தேவையோ நாளுக்கு நாள் பெருகி வருகின்றது. 2019ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட கால்நடைக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் ஏறத்தாழ 45 லட்சம் செம்மறியாடுகள் இருந்தன. மேச்சேரி, ராமநாதபுரம் வெள்ளை, திருச்சி கருப்பு, கீழக்கரிசல், வேம்பூர், சென்னைச் சிவப்பு முதலிய இனங்கள் அவற்றுள் அடங்கும்.

இந்நிலையில், தாய்ப்பால் மறந்த குட்டிகளைக் கொட்டிலில் கட்டி, தானியமும் புண்ணாக்கும் தவிடும் கலந்த அடர் தீவனம் ஊட்டி, சில மாதங்களில் கொழுக்கச் செய்து விற்கும் முறை பரவி வருகின்றது. மேய்ச்சலால் மட்டும் வளரும் குட்டி, நாளொன்றுக்குச் சில பத்துக் கிராம் எடையே கூடும். அடர் தீவனம் சேர்த்து ஊட்டினால், 100 கிராமும் அதற்கு மேலும் கூடுவதுண்டு. இராசத்தானத்தில் அவிகாநகர் என்னுமிடத்தில் 1962ஆம் ஆண்டு நிறுவப்பட்ட நடுவண் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையமும், சேலம் மாவட்டம் பொட்டனேரியில் உள்ள மேச்சேரி ஆட்டு ஆராய்ச்சி நிலையமும், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பிற நிலையங்களும் இத்துறையில் ஆராய்ந்து உழவர்க்கு நெறி காட்டி வருகின்றன.

எனினும், இம்முறையில் ஓர் இடர் உண்டு. நேற்றுவரை புல்லும் தழையும் தின்ற குட்டிக்கு இன்று தொட்டி நிறையத் தானியத்தைக் கொட்டினால், மறுநாள் காலையில் அக்குட்டி இறந்து கிடத்தலும் கூடும். அன்புடன் ஊட்டிய உணவே உயிருக்கு உலை வைப்பதாகிறது. இஃது ஏன்? இதனை அறிய வேண்டுமாயின், ஆட்டின் வயிற்றுக்குள் நுழைந்து பார்த்தல் வேண்டும்.

வயிற்றினுள் ஓர் உலகம்

ஆடு, மாடு, மான் முதலியவை அசைபோடும் விலங்குகள். இவற்றின் வயிறு நான்கு அறைகளை உடையது. முதல் அறை அசையூண் வயிறு. இரண்டாவது தேன்கூடு போன்ற வலை வயிறு. மூன்றாவது ஏட்டுச் சுவடி போன்ற மடிப்பு வயிறு. நான்காவது, நம் வயிற்றை ஒத்த உண்மை வயிறு. இவற்றுள் மிகப் பெரியது அசையூண் வயிறே.

பிறந்த குட்டிக்கு இவ்வயிறு மிகச் சிறியதாகவே இருக்கும். அது குடிக்கும் பால் நேரே உண்மை வயிற்றைச் சென்று சேரும். குட்டி மெல்ல மெல்லத் தழை கடிக்கத் தொடங்கிய பின்னரே அசையூண் வயிறு வளர்ந்து தொழிலேற்கும்.

அத்தொழிலைச் செய்வோர் யாவர்? ஆட்டுக்குத் தானே புல்லின் நாரைச் செரிக்கும் ஆற்றல் இல்லை. அதன் அசையூண் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்களே அப்பணியைச் செய்கின்றன. 1843ஆம் ஆண்டில் குருபி, தெலாபோன் என்னும் அறிஞர் இருவர் பாரிசு நகரில் உருப்பெருக்கிக் கண்ணாடியின் வழியே நோக்கி, அசைபோடும் விலங்குகளின் வயிற்றில் சிற்றுயிர்கள் நீந்துவதை உலகிற்கு அறிவித்தனர். பிற்காலத்தில் அமெரிக்க அறிஞர் இராபர்ட் அங்கேட் என்பார், காற்றுப் பட்டால் மடியும் அந்நுண்ணுயிர்களைக் காற்றுப் படாமலே வளர்க்கும் வழி கண்டு, இத்துறைக்கு அடிகோலினார். அசையூண் வயிற்று நீரின் ஒரு மில்லி லிட்டரில் ஏறத்தாழ ஆயிரம் கோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன என்று கணக்கிட்டுள்ளனர். ஒரு தேக்கரண்டி நீரில் உலக மக்கள்தொகையினும் மிகுதியான குடிகள் வாழ்கின்றன எனில், அவ்வயிற்றை ஒரு பேரரசு எனக் கூறுவதில் தவறில்லை.

அப்பேரரசில் பல குலத்தார் உளர். நாரைச் சிதைப்போர் ஒரு சாரார். மாவுப் பொருளைச் சிதைப்போர் மற்றொரு சாரார். பிறர் விட்ட கழிவை உண்டு வாழ்வோர் வேறொரு சாரார். இவர்கள் அனைவரும் சேர்ந்து உணவைப் புளிக்கச் செய்து, சில மென்மையான அமிலங்களாக மாற்றுகின்றனர். அசையூண் வயிற்றின் உட்சுவரில் நாக்கின் மேற்பரப்புப் போன்று எண்ணற்ற சிறு முளைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அம்முளைகள் அமிலங்களை உறிஞ்சிக் குருதியில் சேர்க்கின்றன. ஆடு பெறும் ஆற்றலில் பெரும்பகுதி இவ்வழியாகவே கிடைக்கின்றது.

அமிலம் மிகுதியானால் குடிகளுக்கே கேடு அன்றோ? அக்கேட்டைத் தடுக்கும் ஏற்பாடும் ஆட்டின் உடலிலேயே உண்டு. ஆடு அசைபோடும்போது உமிழ்நீர் ஊறுகின்றது. வளர்ந்த ஆடு ஒன்று நாளொன்றுக்கு 6 லிட்டருக்கு மேலும் உமிழ்நீர் சுரக்கும். அதில் நம் வீட்டுச் சமையல் சோடாவிலுள்ள காரப் பொருளே கலந்திருக்கின்றது. அது வயிற்றை அடைந்து அமிலத்தின் கடுமையைத் தணிக்கின்றது. நார் மிகுந்த உணவை ஆடு நெடுநேரம் மெல்லும்; மெல்ல மெல்ல உமிழ்நீர் பெருகும்; உமிழ்நீர் பெருக வயிறு நலம் பெறும்.

அமிலத்தையும் காரத்தையும் அளக்க அறிவியலார் ஓர் அளவுகோல் வைத்துள்ளனர். அதில் 7 என்பது நடுநிலை. அதனின் கீழ் இறங்க இறங்க அமிலம் மிகும். ஓர் எண் இறங்கினால் அமிலக் கடுமை பத்து மடங்காகும் என்பதை நினைவிற் கொள்க. புல் தின்னும் ஆட்டின் அசையூண் வயிறு பெரும்பாலும் 6க்கும் 7க்கும் இடையில் நிற்கும்.

தானியம் செய்யும் குழப்பம்

இடங்கழி நாயனார் கொடும்பாளூரில் இருந்து ஆண்டவர். அடியாரை அமுது செய்விக்கப் பொருளின்றி அரண்மனை நெல்லைக் கவர வந்தவன் ஒருவன் காவலரிடம் அகப்பட்டபோது, அவன் கருத்தை அறிந்த அவர், அவனைத் தண்டியாது, தம் களஞ்சியத்தையே திறந்துவிட்டார் என்று பெரியபுராணம் கூறும். பசித்த மாந்தருக்குக் களஞ்சியத்தைத் திறந்துவிடுதல் பேரறம். பசித்த ஆட்டுக்குட்டிக்கோ, களஞ்சியத்தைத் திறந்துவிடுதல் பெருங்கேடு.

சோளம், கம்பு, மக்காச்சோளம், அரிசி முதலியவற்றில் மாவுப் பொருள் நிறைந்திருக்கும். புல்லின் நார் மெல்லச் சிதையும். மாவுப் பொருளோ விரைந்து சிதையும். பழக்கமில்லாத குட்டி தானியத்தை வயிறார உண்டவுடன், மாவைச் சிதைக்கும் நுண்ணுயிர்க் குலம் திடீரெனப் பெருகத் தொடங்கும். அவற்றுள் ஒரு வகை, ஏற்ற சூழலில் அரை மணி நேரத்திற்குள்ளாகவே இரட்டிக்க வல்லது. அது லாக்டிக் அமிலம் என்னும் கடுமையான அமிலத்தை உண்டாக்கும். தயிரைப் புளிக்கச் செய்வதும் அவ்வமிலமே. இவ்வமிலத்தை உண்டு வாழும் நுண்ணுயிர்களும் வயிற்றில் உண்டு. ஆனால் அவை மெல்லவே பெருகும். ஆதலின் வரவுக்கும் செலவுக்கும் இடையே உள்ள நடுநிலை கெடுகின்றது.

அளவு 6க்குக் கீழே இறங்கும்போது நாரைச் சிதைப்போர் சோர்வர். 5ஐ நெருங்கும்போது அவர்கள் மடிவர். உமிழ்நீர் சுரப்பதும் குறையும். ஏனெனில் நொறுங்கிய தானியத்தை மெல்ல வேண்டுவதில்லை. இவ்வாறு காவற்படை தளர, பகைப்படை பெருகுகின்றது. வயிற்றில் செறிந்த அமிலம், உடலின் பிற பகுதியிலுள்ள நீரையெல்லாம் தன்பால் இழுக்கும். குட்டியின் வயிறு நீரால் நிறைய, குருதியோ நீர் வற்றித் தடிக்கும். குட்டி தீனி எடாது; அசைபோடாது; தலை தொங்கும்; பல்லைக் கடிக்கும்; தள்ளாடும். உருண்டைப் பிழுக்கைக்கு மாறாகப் புளித்த நாற்றமுடைய கழிச்சல் தோன்றும். நோய் கடுமையாயின் ஓரிரு நாளில் உயிர் பிரியும். இதனை அமில நோய் என்பர்.

உயிர் தப்பிய குட்டிக்கும் முழு நலம் வாய்ப்பதில்லை. அமிலத்தால் வயிற்றுச் சுவரின் முளைகள் புண்படும். அப்புண்ணின் வழியே தீய நுண்ணுயிர்கள் குருதியிற் புகுந்து, ஈரலை அடைந்து, அங்குச் சீழ்க்கட்டிகளை உண்டாக்கும். குளம்பின் உட்பகுதி வீங்கி ஆடு நொண்டுவதும் உண்டு. தீனிக்குச் செலவிட்ட பணம் திரும்பாது, குட்டியும் தேறாது.

துள்ளுமாரி

இதனோடு நெருங்கிய மற்றொரு நோய், நம் ஆட்டிடையர் அனைவரும் அறிந்த துள்ளுமாரியாகும். ஆட்டின் குடலில் இயல்பாகவே ஒருவகை நுண்ணுயிர் சிறு அளவில் வாழ்கின்றது. குட்டி அளவுக்கு மிஞ்சித் தானியம் உண்டாலும், மழைக்குப் பின் தழைத்த இளம்புல்லைத் திடீரென மிகுதியாக மேய்ந்தாலும், செரிக்காத மாவும் சத்தும் சிறுகுடல்வரை வந்து சேரும். அவ்வுணவைப் பெற்ற நுண்ணுயிர் பல்கிப் பெருகி ஒரு கொடிய நஞ்சைக் கக்கும். நஞ்சு குருதியிற் கலந்து மூளையைத் தாக்க, குட்டி வலிப்புற்றுத் துள்ளி விழுந்து மாளும்.

இந்நோயில் ஒரு கொடுமை உண்டு. நோஞ்சான் குட்டியை இது தேடி வருவதில்லை. மந்தையிலே கொழுத்த, நன்றாகத் தின்னும், உரியவன் பெருமையோடு காட்டும் குட்டியையே பெரும்பாலும் கொண்டு செல்கின்றது. மாலையில் துள்ளி விளையாடிய குட்டி காலையில் கிடையில் மாண்டு கிடக்கும். மருந்து கொடுக்கவும் பொழுது இராது. ஆயினும் இதனைத் தடுக்கத் தடுப்பூசி உண்டு. மழைக்காலத்துக்கு முன்னும், குட்டிகளைத் தானியத் தீனிக்கு மாற்றுவதற்கு முன்னும் கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி அவ்வூசியை இடுவித்தல் அறிவுடையோர் செயலாகும்.

காலமே முதல் மருந்து

அமில நோய்க்குச் சிறந்த காப்பு யாது? பொறுமையே. வயிற்றின் குடிகள் புதிய உணவிற்கேற்பத் தம் தொகையை மாற்றிக்கொள்ள ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று வாரங்கள் வேண்டும். லாக்டிக் அமிலத்தை உண்ணும் குலம் பெருகுவதற்கும், உட்சுவரின் முளைகள் நீண்டு வளர்வதற்கும் அத்துணைக் காலம் தேவை. அக்காலத்தை நாம் கொடுத்தால், குட்டி தானியத்தைச் செரித்துக் கொழுக்கும். கொடுக்க மறுத்தால் மாளும்.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். 15 கிலோ எடையுள்ள குட்டிக்கு முதல் மூன்று நாள்கள் 50 கிராம் அடர் தீவனம் போதும். பின்னர் மூன்று நாளைக்கு ஒரு முறை 50 கிராம் வீதம் கூட்டி வந்தால், 16ஆம் நாளில் 300 கிராம் என்னும் அளவை எட்டலாம். இடையில் கழிச்சல் தோன்றினால், கூட்டுவதை நிறுத்திப் பழைய அளவுக்குத் திரும்புதல் வேண்டும்.

மற்றும் சில நெறிகள் உள. காலையில் முதற்கண் கடலைக்கொடி, சோளத்தட்டை, உலர்ந்த புல் ஆகியவற்றுள் ஒன்றை இட்டுப் பசி சிறிது தணிந்த பின்னரே அடர் தீவனம் வைக்க வேண்டும். நாளின் பங்கை ஒரே வேளையில் கொட்டாது இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும். தானியத்தை மாவாக அரைத்தலாகாது. ஒன்றிரண்டாக உடைத்தல் போதும். குட்டிகள் அனைத்தும் ஒருங்கே நின்று தின்னும் வகையில் தொட்டி நீளமாக இருத்தல் வேண்டும். இல்லையேல் வலிய குட்டி எளிய குட்டியின் பங்கையும் உண்டு நோயுறும். தூய குடிநீர் எந்நேரமும் இருத்தல் வேண்டும்.

தீவனச் சேர்க்கைப் பொருள்கள்

இனி, தீவனத்துடன் சிறு அளவில் கலக்கப்படும் சேர்க்கைப் பொருள்களைப் பற்றிச் சிறிது அறிவோம்.

முதலாவது சமையல் சோடா. அடர் தீவனம் 100 கிலோவுக்கு 1 முதல் 1½ கிலோ வரை இதனைக் கலப்பர். உமிழ்நீர் செய்யும் பணியையே இதுவும் செய்கின்றது. மக்னீசியம் ஆக்சைடு என்னும் பொருளையும் இதனோடு சேர்ப்பதுண்டு.

இரண்டாவது ஈஸ்ட். ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் அதே நுண்ணுயிர்தான் இது. அசையூண் வயிற்றில் வந்து சேரும் சிறிதளவு உயிர்க்காற்றை இது பயன்படுத்திக்கொள்வதால், காற்றை வெறுக்கும் நற்குடிகள் செழிக்கின்றன. லாக்டிக் அமிலத்தை உண்ணும் நுண்ணுயிர்களுக்கும் ஊக்கம் கிடைக்கின்றது. எனினும் இதன் பயன் எல்லா மந்தையிலும் ஒரே அளவில் காணப்படுவதில்லை. லாக்டிக் அமிலத்தை உண்ணும் நுண்ணுயிரையே வளர்த்துக் குட்டிக்குப் புகட்டும் முறையையும் அறிவியலார் கண்டுள்ளனர்.

மூன்றாவது, நுண்ணுயிர்களை அடக்கும் மருந்துகள். மொனென்சின் என்பது மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிடமிருந்து பெறப்பட்டது. 1975ஆம் ஆண்டு அமெரிக்காவில் மாட்டுத் தீவனத்திற் சேர்க்க இதற்கு இசைவளிக்கப்பட்டது. லாக்டிக் அமிலம் உண்டாக்கும் குலத்தை இஃது ஒடுக்கும். ஆனால் அளவு சிறிது மிஞ்சினாலும் கேடு விளைக்கும். குதிரைக்கோ சிறு அளவே நஞ்சாகும். ஆதலின் மருத்துவர் சொல்லின்றி இதனைத் தொடலாகாது.

நோயைத் தீர்க்கும் மருந்துகளை உடல் வளர்ச்சிக்காகத் தீவனத்திற் கலக்கும் பழக்கம் 1950ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் தோன்றி உலகெங்கும் பரவியது. அதன் தீமை பின்னரே புலனாயிற்று. நாள்தோறும் சிறிது சிறிதாக மருந்தைச் சுவைத்த கிருமிகள் அம்மருந்துக்கு அஞ்சாதனவாயின. அத்தகைய கிருமி மனிதரைத் தாக்கினால், மருந்திருந்தும் பயனில்லை. எனவே ஐரோப்பிய ஒன்றியம், வளர்ச்சிக்காக இம்மருந்துகளைத் தீவனத்திற் கலப்பதை 2006ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து தடை செய்தது. இந்தியாவும் 2019ஆம் ஆண்டில், மனிதரின் உயிர்காக்கும் மருந்தாகிய கொலிசுடினை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுத்தலைத் தடுத்தது. ஓர் ஆட்டின் எடை கூடுவதற்காக ஒரு மனிதனின் உயிர்மருந்தை வீணாக்குதல் தகுமோ?

நான்காவது, தாது உப்புகள். தானியத்தில் மணிச்சத்து மிகுதி. சுண்ணாம்புச் சத்துக் குறைவு. இவ்விரண்டும் ஒவ்வாதபோது கிடாக்குட்டிகளின் சிறுநீர்க் குழாயில் கல் அடைத்து உயிருக்கு ஊறு நேரும். எனவே மணிச்சத்தைப்போல் இருமடங்கு சுண்ணாம்புச் சத்து அமையுமாறு தீவனத்தைச் சீர்செய்தல் வேண்டும். செம்பு என்னும் தாது ஆட்டுக்குச் சிறிதே வேண்டும். மிகுந்தால் ஈரலில் தேங்கி நஞ்சாகும். ஆதலின் கோழிக்கோ பன்றிக்கோ உரிய தீவனத்தை மலிவாகக் கிடைக்கின்றதென்று ஆட்டுக்கு இடுதல் தவறாகும்.

இச்சேர்க்கைப் பொருள்கள் அனைத்தும் ஊன்றுகோல் போன்றவை. நடக்கக் கற்றவனுக்கு ஊன்றுகோல் துணை செய்யும். கால் இல்லாதவனை அது நடத்தாது. ஒரே நாளில் தீனியை மாற்றிவிட்டு, சோடாவைக் கலந்துவிட்டோம் என்று அமைதியுறுதல் அறியாமையே. காலமும் நாரும் செய்ய வேண்டிய பணியை எந்தப் பொடியும் முழுதும் செய்துவிடாது.

விழாக் காலத்து எச்சரிக்கை

கொட்டிலில் வளர்க்காதவர் வீட்டிலும் இவ்விடர் நிகழ்தல் உண்டு. பொங்கல் நாளிலும் திருமண நாளிலும் எஞ்சிய சோற்றையும் பொங்கலையும் பழங்களையும் ஆடுமாடுகளுக்கு அள்ளி வைப்பது நம்மவர் வழக்கம். அரிசிச் சோறும் மாவுப் பொருளே. மாட்டுப் பொங்கலன்று மாலையில் மாலை சூடிய கால்நடை, மறுநாள் வயிறு உப்பி மருத்துவமனைக்கு வருதல் ஆண்டுதோறும் மருத்துவர் காணும் காட்சியாகும். களத்தில் குவித்த நெல்லையும் கம்பையும் கயிறறுத்த ஆடு மேய்ந்துவிடுவதும் உண்டு. அத்தகைய வேளையில் தானியத்தை அப்புறப்படுத்தி, உலர்ந்த புல்லை முன்னிட்டு, காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுதல் வேண்டும். தமிழ்நாட்டில் 1962 என்னும் எண்ணில் தொலைபேசியில் அழைத்தால், கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியைப் பெறலாம்.

அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சு என்பது நம் நாட்டுப் பழமொழி. அப்பழமொழியின் அறிவியற் பொருளை ஆட்டின் வயிறு நமக்கு விளக்கிக் காட்டுகின்றது. அமிழ்தம் நஞ்சாவது அளவினால் மட்டும் அன்று, விரைவினாலும் ஆகும். அதே 300 கிராம் தானியம், முதல் நாளில் நோயாகின்றது. பதினாறாம் நாளில் ஊட்டமாகின்றது. தானியம் மாறவில்லை, குட்டிக்குக் கிடைத்த அவகாசமே மாறியது.

விளக்கெரிக்க ஆடு பெற்ற அக்கால இடையன், தன் கையிலுள்ள 96 ஆடுகளையும் சாவா மூவா ஆடுகளாகக் காத்தான். அவன் நுண்ணுயிரை அறியான். அமிலத்தின் அளவை அறியான். ஆயினும், குட்டியின் முகத்தையும் பிழுக்கையையும் நாள்தோறும் நோக்கி, அதன் நலத்தை உணர்ந்தான். இன்று நமக்கு நூலறிவு பெருகியுள்ளது. அவனுடைய விழிப்பான கண்ணும் அதனுடன் சேருமாயின், நம் ஊர்ப் பட்டிகளும் சாவா மூவாப் பட்டிகளாய் விளங்கும். அவற்றை நம்பி வாழும் ஏழைக் குடும்பத்தின் விளக்கும் அணையாது எரியும்.

வினாக்கள்

1. சாவா மூவாப் பேராடு என்னும் தொடரின் பொருளை விளக்குக.
2. ஆட்டின் அசையூண் வயிற்றில் உமிழ்நீர் செய்யும் பணி யாது?
3. தானியத்தைத் திடீரென மிகுதியாக உண்ட குட்டிக்கு நேரும் மாறுதல்களை முறைப்படி எழுதுக.
4. துள்ளுமாரி நோய் கொழுத்த குட்டிகளைப் பெரும்பாலும் தாக்குவது ஏன்?
5. சேர்க்கைப் பொருள்கள் ஊன்றுகோல் போன்றவை என்று ஆசிரியர் கூறுவதை ஆராய்க.
6. உங்கள் ஊரில் ஆடு வளர்ப்போர் ஒருவரைக் கண்டு, அவர் குட்டிகளுக்குத் தீனி மாற்றும் முறையைக் கேட்டு எழுதி வருக.